ஒன்பது நிமிடம்

செந்துறையிலிருந்து வரும் முதல் பஸ் அரியலூரைத் தொடும்போது மணி ஐந்தரை. உண்ணாமலை இறங்கி ஓட்டமும் நடையுமாக லாரி ஆபீஸ் மாடிப்படி ஏறி ஹெட்போனைத் தலையில் மாட்டுவதற்குள் போன் கத்த ஆரம்பித்திருக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எந்தச் சுரங்கத்தில் நிற்கிறது, எந்த ஆலை வாசலில் காத்திருக்கிறது, டயர் வெடித்தவனுக்கு யாரை அனுப்புவது, எல்லாவற்றுக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பெண்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு எழும்போது காது மடல் வெந்திருக்கும். தொண்டை வறண்டு பேச்சே வராது.

நாலு மாதத்துக்கு முன்னால் முதலாளி குருநாதன் பழைய லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்டர்நெட் போன் வைத்தார். "இனிமே எல்லாம் நெட்டுல ஓடும், பில்லு பாதி" என்றார். பில் குறைந்தது வாஸ்தவம். கூடவே இவர்கள் சம்பளமும் தேய்ந்தது. சீட்டை விட்டு ஐந்து நிமிடம் எழுந்தால் அவர் கம்ப்யூட்டரில் பெயர் சிவப்பாகும். மூன்று சிவப்புக்கு அரைநாள் கூலி போச்சு. கக்கூஸோ கீழே, லாரி ஷெட்டுக்குப் பின்னால். போய்வர எட்டு நிமிடம். பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அடக்கிப் பார்த்தார்கள், நீர்க்கடுப்பு வந்ததுதான் மிச்சம்.

பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்த நந்தினிதான் வழி கண்டுபிடித்தாள். நாலு எண்ணைத் தட்டினால் ஒருத்தியின் போனுக்கு வரும் அழைப்பு பக்கத்துச் சீட்டுக்குப் போய்விடும்; வேறு எண் கொடுத்தால் அதற்கும் போகும். சிவப்பும் விழாது, அழைப்பும் தவறாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கைமாத்து. "ஜரீனா, கைமாத்து போட்டிருக்கேன்" என்றால் போதும், ஜரீனா இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு எட்டுக்கு உண்ணாமலை கைமாத்து போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். மூன்று நிமிடத்தில் கரண்ட் போனது. ஆறு போனும் ஒரேயடியாக ஊமையாயின. நெட் பொட்டிக்கென்று ஒரு பேட்டரி இருந்தது. கோடை தொடங்கியதும் குருநாதன் அதைக் கழற்றித் தன் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கொண்டுபோயிருந்தார். போன் செத்துக் கிடந்த அந்த ஒன்பது நிமிடத்தில்தான் தமிழரசன் ஓட்டிய லாரி செந்துறை ரோட்டில் கவிழ்ந்தது. என்ன நடந்தாலும் முதலில் ஆபீசுக்குத்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம், மீறினால் வேலை இல்லை. பாவி மனுஷன், கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் நசுங்கிக் கிடக்க, ஆபீசுக்கே அடித்துக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்க வந்த ஒருவர்தான் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை குருநாதன் உண்ணாமலையைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "உதவி தாமதமானதற்கு நான் சீட்டில் இல்லாததே காரணம், கம்பெனி பொறுப்பல்ல" என்று டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டு வேலைய விட்டு அமைதியா போயிரும்மா. இல்லேன்னா போலீசு, கேசுன்னு அலைவ. லிஸ்ட்டப் பாரு, ஆறு எட்டுக்கு உன் போன் வேற சீட்டுக்குத் திரும்பியிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"திங்கக்கெழம சொல்றேங்க" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அடக்கியவள் அங்கே கூட வந்த மற்றப் பெண்களிடம் நடந்ததைச் சொல்லி உடைந்து போனாள். "நான் எந்திரிச்சுப் போவாம இருந்திருந்தா அந்தப் புள்ளைக்குக் காலு இருந்திருக்குமேடி!"

நந்தினி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அக்கா, நீங்க சீட்டுலயே இருந்திருந்தாலும் அது அடிச்சிருக்காது. பொட்டிக்குக் கரண்டு இல்லேன்னா ஆறு போனும் செத்துரும். மொதலாளி காட்டுன லிஸ்ட்டுதான் இது, கம்ப்யூட்டர்லேருந்து நான் முழுசா எடுத்தேன். அடுத்த வரியப் பாருங்க. ஆறு பதினொண்ணுக்கு ஆறு போனும் கட்டாயிருக்கு. ஆறு இருபதுக்குத்தான் உசுரு வந்திருக்கு."

"யா அல்லாஹ்! அந்த வரிய மறைச்சுட்டுல்ல காட்டியிருக்காரு" என்றாள் ஜரீனா.

எல்லோருக்கும் மூத்த வீரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேட்டரிய வூட்டுக்குக் கொண்டுபோயி காத்து வாங்குனது அவரு, பழி நமக்கா? இவ கையெழுத்துப் போட்டா தமிழரசனுக்கு நஷ்டஈடுன்னு ஒத்தப் பைசா குடுக்க மாட்டான். தனியா நின்னா இவளத் தூக்கிருவான். ஆறு பேரும் நிப்போம்."

உண்ணாமலை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போய் கோபம் வந்திருந்தது. "போன அப்படியே போட்டுட்டுப் போவக் கூடாது. ரோட்டுல இருக்கவனுக்கு யாராச்சும் பதில் சொல்லியாவணும். மொதலாளியே சொல்லட்டும்."

திங்கட்கிழமை காலை ஆறு பேரும் சீட்டில் உட்கார்ந்தார்கள், ஆறு பேரும் கைமாத்து போட்டார்கள். எல்லாம் குருநாதனின் செல்லுக்கு. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள்.

அரை மணி நேரத்தில் குருநாதன் மூச்சிரைக்க ஏறி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது, கையில் செல் அலறியது. பதில் கிடைக்காத டிரைவர்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்து படியில் நின்றார்கள்.

"என்ன கூத்து இது? நாப்பது போன் வந்துருச்சு எனக்கு!"

"அர மணி நேரத்துக்கே இப்படியா மொதலாளி? நாங்க எட்டு மணி நேரம் பாக்குறோம்" என்றாள் ஜரீனா.

"யாரு திருப்புனது?"

"நாந்தான்" என்றாள் வீரம்மாள். "நானும்" என்றாள் நந்தினி. மற்றவர்களும் சொன்னார்கள்.

"நாளைக்கே ஜெயங்கொண்டத்துலேருந்து ஆறு பேரைக் கூட்டியாந்து உக்கார வைப்பேன். ஆளுக்கா பஞ்சம்?"

"வைங்க" என்றாள் உண்ணாமலை. "அவங்களுக்கும் கக்கூசுக்குப் போவணும். அப்பவும் கரண்டு போவும்."

அவர் கொடுத்த தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். கரண்ட் போன நேரம், பேட்டரி போன இடம், தமிழரசனுக்கு நஷ்டஈடு, சிவப்புக்குக் கூலி பிடிப்பதை நிறுத்த வேண்டும். கீழே முதல் கையெழுத்து அவளுடையது. தாள் கைமாறி ஐந்து பேரிடமும் போனது. படியிலிருந்து டிரைவர் ரஞ்சித்குமார் கையை நீட்டினான். "எங்களுக்கும் எடம் வைங்கக்கா."

நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. யாரும் எழுந்து போகவும் இல்லை.

குருநாதனின் செல் மறுபடி அடித்தது. பதற்றத்தில் அவர் எதையோ அமுக்க, குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஆபீசுங்களா? தமிழரசன் பேசுறேன், ஆஸ்பத்திரியிலேருந்து. அன்னிக்கு ஏங்க யாருமே எடுக்கல?"

குருநாதன் செல்லை அணைக்கத் தடவினார். உண்ணாமலை கையை நீட்டினாள்.

"குடுங்க, நான் சொல்றேன்." செல்லை வாங்கிக்கொண்டாள். "தம்பி, உண்ணாமலை பேசுறேன். ஏன் எடுக்கலேன்னு எழுதிக்கிட்டு இருக்கோம். ஆறு பேரும் கையெழுத்து போட்டாச்சு, இப்ப உன்கூட ஓட்டுறவங்க போடுறாங்க. வாசிக்கிறேன், ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா நீ சொல்லு."