துண்டு போட்டு வைத்த இடம்

வேலுத்தாய்க்கு அன்றைக்கு விடிந்ததிலிருந்தே எதைப் பார்த்தாலும் கோபம். ஆடு கயிற்றைச் சுற்றிக்கொண்டதற்குக் கோபம், குழாயடியில் முந்திக்கொண்டவள் மேல் கோபம், கோவில்பட்டி பஸ் கழுகுமலையிலேயே நிறைந்து வந்ததற்கும் கோபம். உள்ளபடிக்கு அது கோபமே இல்லை, பயம். பயம் வந்தால் மேலே கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொள்வது அவள் சுபாவம்.

பயப்படாமல் என்ன செய்வாள்? அவள் வேலை பார்த்த பருத்தி அரவை மில்லை ஆடியில் மூடினார்கள், இனித் திறக்கப்போவதில்லை. முதலாளி சுந்தரபாண்டியன் எந்திரங்களையெல்லாம் விற்றுவிட்டார். அவளுக்கும் ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. திருப்பூரில் இருக்கிற மகன் மகாராஜா தினமும் போன் போட்டு ஒரே பாட்டைப் பாடுகிறான். “பி.எப். பணத்த மொத்தமா எடுத்துக்கிட்டு இங்கன வந்துரும்மா. பிள்ளையளப் பாத்துக்கிட்டு எங்களோட இரி.” நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே போனால் வெற்றிலை வாங்கக்கூட மருமகளிடம் கை நீட்ட வேண்டும். அவளுக்குத் தன் வீட்டில், தன் வேப்பமரத்தடியில், தன் ஆடுகளோடு கிடக்க வேண்டும். அதற்கு மாதம் பிறந்தால் கையில் ஏதாவது விழ வேண்டும். பென்ஷன் வருமா வராதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தில் பி.எப். ஆபீஸ்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள்.

கூட வந்த கல்யாணசுந்தரி பஸ்ஸிலேயே புலம்ப ஆரம்பித்துவிட்டாள். அவளும் அதே மில்லில் பருத்தி பிரித்தவள்தான்.

“பென்ஷனுக்குப் பத்து வருசம் வேணுமாம்ட்டி. நாம என்ன வருசம் பூராவா போனோம்? மாசியில போனா ஆடி பொறக்க வீட்டுக்கு வந்துருதோம். எத்தன வருசம் போயி என்ன, பாதி கூடத் தேறாது.”

“நீ வாய மூடிட்டு வாரியா, எறங்கி நடக்கவா?” என்றாள் வேலுத்தாய்.

ஆனால் அவள் சொன்னது நிசம்தானே. கரிசல்காட்டில் பருத்தி வெடிக்கிற காலத்தில்தான் மில்லுக்கு உயிர் வரும். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட்டு வந்த கையோடு திறப்பார்கள். சருகும் தூசியும் நீக்கிப் பருத்தி பிரிப்பது பெண்களின் வேலை. மாலையில் வெளியே வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டி ஒருத்தியை ஒருத்திக்கு அடையாளம் தெரியாது. ஆடி பிறந்ததும் கடைசிப் பொதியை லாரியில் ஏற்றிவிட்டு, மில் வாசலில் பொங்கல் வைத்து, ஆளுக்கொரு சேலை கொடுத்து, சுந்தரபாண்டியன் கையெடுத்துக் கும்பிடுவார். “அடுத்த மாசி பாப்போம்” என்பார். அதற்கு மேல் மழையாச்சு, உளுந்தாச்சு, களையெடுப்பாச்சு என்று அவரவர் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பொங்கலோடு பெண்கள் பாதிப் பேர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது என்று, ரெண்டு மூன்று வருசத்துக்கு ஒருதரம் பி.எப். பணத்தை வழித்துத் துடைத்து எடுத்துவிடுவார்கள். கல்யாணசுந்தரி அப்படித்தான் ஒருதரம் கம்மல் வாங்கினாள், ஒருதரம் கிடா வெட்டினாள். வேலுத்தாய் மட்டும் எடுக்கவே இல்லை. வசதி வழிந்து ஒன்றும் இல்லை, புருசன் செத்த வருசம் அடுத்த வீட்டில் அரிசி கைமாற்று வாங்கித்தான் சாப்பிட்டாள். அவளுக்கு ஒரு எண்ணம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா? மில் பேரில் கிடக்கிற பி.எப். பணம்தான் அந்தத் துண்டு. துண்டு கிடந்தால்தான் இடம். எடுத்துவிட்டால் அடுத்த மாசியில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள். கேலி செய்தால் செய்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

மண்டபத்தில் சுந்தரபாண்டியன் முன்னாலேயே வந்து நின்றார். சந்தையில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் சமாளிக்கிற மனுசன். ஆனால் சர்க்கார் நாற்காலியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலுத்தாய் பேரைக் கூப்பிட்டதும் அவரும் பின்னாலேயே வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. கம்ப்யூட்டரைப் பார்த்தார், சுந்தரபாண்டியனைப் பார்த்தார்.

“வருஷா வருஷம் சில மாசம் கட்டியிருக்கு, மிச்ச மாசம் ஒண்ணுமே கட்டலையே. ஏன்?”

அவ்வளவுதான். சுந்தரபாண்டியனுக்கு வியர்த்துவிட்டது. கட்டாமல் விட்டதற்கு அபராதம் போடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவி மனுசன். வாயில் வந்ததைச் சொன்னார்.

“அது வந்துங்கம்மா, மில்லு வருசம் பூரா ஓடுதுதான். இவியதான் சொல்லாமக் கொள்ளாம நின்னுக்கிடுவாவ.”

“அப்படின்னா வந்த மாசத்தை மட்டுந்தான் சேர்க்க முடியும்” என்றார் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது. “பத்து வருஷம் வராதும்மா. பென்ஷன் கிடையாது. இருக்கிறதை மொத்தமா எடுத்துக்கோங்க.”

ஒரு தாளை முன்னால் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். வேலுத்தாய் பேனாவை வாங்கினாள். போச்சு. வேப்பமரம் போச்சு, ஆடு போச்சு. திருப்பூர் பஸ்ஸில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற மாதிரியே அவளுக்குத் தெரிந்தது. பேனா முனை தாளில் பட்டபோதுதான் முதலாளி சொன்ன வார்த்தை உள்ளே இறங்கிச் சுட்டது. பேனாவை மேஜையில் போட்டாள்.

“சொல்லாமக் கொள்ளாமயா? அண்ணாச்சி, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. எம் மாமியா செத்து பதினாறு கழியுமுன்ன ஓடி வந்தவ நானு. காய்ச்சல்னு ஒரு நா நின்னிருப்பனா? நீங்கதான ஆடி பொறந்தா கரண்ட அமத்திட்டுப் பூட்டப் போட்டுட்டுப் போறீங்க? பூட்டுன மில்லுல நான் போயி செவரையா பிரிக்க?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கல்யாணசுந்தரி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“சார், உண்மையைச் சொல்லுங்க. பருத்தி வர்ற காலத்துல மட்டுந்தான் மில் ஓடுமா?”

சுந்தரபாண்டியன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வேலுத்தாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. “ஆமாங்கம்மா. பருத்தி இல்லாம எதப் போட்டு அரைக்க? அந்தப் பிள்ள மேல தப்பே இல்ல, ஒரு நா நின்னதில்ல. பயத்துல ஒளறிட்டேன். அபராதம் எம்புட்டுன்னு சொல்லுங்க, கட்டிருதேன்.”

“அபராதமா?” அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடக் கடவுளே, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சீசனுக்கு மட்டும் வேலைக்கு வர்றவங்களுக்குச் சட்டத்துல தனியா ஒரு வரி இருக்கு. வருஷத்துல எத்தனை மாசம் வேலை பார்த்திருந்தாலும் அந்த வருஷம் முழு வருஷமாத்தான் கணக்கு. இவங்க பன்னிரண்டு சீசன் வந்திருக்காங்க. பன்னிரண்டு வருஷம். சீசன் மில்லுதான்னு நீங்க எழுதிக் கொடுத்தாப் போதும், பென்ஷன் உண்டு.”

வேலுத்தாய்க்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை.

“பூட்டிக் கெடந்த மாசமுமா?” என்று கேட்டாள்.

“அதுவுந்தான்.”

“ஐப்பசியில நான் உளுந்துக்குக் களையெடுத்துட்டுல்லா கெடந்தேன்?”

“நீங்க எங்க இருந்தா என்னம்மா? மாசியில திரும்பி வந்துட்டீங்கல்ல.”

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தர் அந்தச் சட்ட வரியை எழுதியிருக்கிறார். எந்த ஊரோ, என்ன பேரோ. இந்தக் கரிசலில் கால் வைத்திருக்கமாட்டார், தலையில் பஞ்சு ஒட்டி நின்ற பெண்களைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் பருத்தி வருசம் முழுக்கக் காய்க்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டுப் போட்ட பிறகு அவள் எங்கே போவாள் என்று ஒரு நிமிசம் யோசித்திருக்கிறார். யோசித்து, அந்த மாதங்களையும் அவள் பேரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலுத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குலசாமி முன்னால் நிற்கும்போதுதான் அவளுக்கு அப்படி ஆகும்.

“ஆனா ஒண்ணும்மா” என்றார் அதிகாரி. “நடுவுல மொத்தப் பணத்தையும் எடுத்திருந்தீங்கன்னா இத்தனை வருஷமும் அழிஞ்சிருக்கும். எல்லாரும் எடுத்திருக்காங்க. நீங்க ஏன் எடுக்கலை?”

வேலுத்தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு துண்டு கதையைச் சொன்னாள். சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த இடம் உங்களுக்குத்தாம்மா” என்றார். “இனி யாரும் வந்து உட்கார முடியாது.”

பின்னால் நின்ற கல்யாணசுந்தரி காதைத் தடவிப் பார்த்தாள். “நான் எந் துண்டக் கம்மலாப் போட்டுட்டேனேட்டி” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். வேலுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாசாமாசம் வருமா?” என்று அதிகாரியிடம் கேட்டாள். “எது வரைக்கும்?”

“நீங்க இருக்கிற வரைக்கும்.”

“அதுக்கு நான் என்ன வேல செய்யணும்?”

“வேலை ஒண்ணும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோட இருக்கேன்னு காட்டணும். அவ்வளவுதான்.”

“அத யாரு கேக்கப்போறா?”

“நாங்க கேப்போம்மா.”

புருசன் போன பிறகு, நீ இருக்கியா என்று தேடிக் கேட்ட ஆள் உண்டா? மகன் கேட்பான், சாப்பிட்டியா என்று. அது வேறு. இது ஒரு பெரிய ஆபீஸ், எங்கேயோ இருந்துகொண்டு, வருசம் தவறாமல் அவளைக் கேட்கப்போகிறது.

சுந்தரபாண்டியன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் மூன்று பேருக்கும் டீ சொன்னார். வேலுத்தாய் டம்ளரை வாங்கிக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“பென்ஷன் பங்கு நீங்க போட்டதுலருந்து போனதாமே அண்ணாச்சி? அந்தம்மா சொன்னாவ. எங்கிட்டப் புடிச்சது மட்டுந்தான்னுல்லா நெனச்சேன்.”

“சட்டம் போடச் சொல்லிச்சு, போட்டேன். ஒவ்வொரு மாசமும் திட்டிக்கிட்டேதான் போட்டேன்.” அவர் ரோட்டைப் பார்த்தார். “அது இப்படி வந்து முளைக்கும்னு எனக்கு மட்டும் என்ன தெரியும்? சரி, நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத தாயி. இனிமே ஒனக்கு ஒரே வேலதான். உசுரோட இரி.”

பென்ஷன் வந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. அரிசிக்கும் வெற்றிலைக்கும் போய், ஆட்டுக்குப் புண்ணாக்கு வாங்கினால் சரியாக இருக்கும். முதல் மாதம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சும்மா எப்படி வாங்குவது என்று பூட்டிக் கிடந்த மில் வாசலைப் போய்ப் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருசம், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுகிற நாள் வந்தது. நல்ல சேலையாக எடுத்தாள், ஆடிப் பொங்கலுக்குக் கடைசியாகக் கொடுத்த சேலை. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து இ-சேவை மையத்தில் காளீஸ்வரி என்கிற பெண் அவளை உட்கார வைத்து, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“ஆடாம இருங்கம்மா. ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க.”

வேலுத்தாய் சிமிட்டினாள்.

“முடிஞ்சிட்டும்மா.”

“இம்புட்டுதானா? சரியாப் பாரு தாயி, இன்னொருக்கச் சிமிட்டட்டுமா?”

“வேண்டாம்மா, ஏத்துக்கிட்டாவ. இனி அடுத்த வருசம் வாங்க.”

அடுத்த வருசம் வாங்க. அடுத்த மாசி பார்ப்போம் என்பதைத்தான் இத்தனை காலமாகக் கேட்டிருந்தாள். அப்போதெல்லாம் இடம் இருக்குமோ இருக்காதோ என்று பயந்துகொண்டேதான் வீட்டுக்கு நடப்பாள். இன்றைக்கு அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தாள், இல்லை. ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மகாராஜா போன் பண்ணினான்.

“எங்கம்மா போயிருந்த? காலையிலருந்து அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்கியே?”

“வேலைக்குல்லா போயிருந்தேன்.”

“வேலைக்கா? எங்கன? இந்த வயசுல என்னம்மா வேல ஒனக்கு?”

பஸ் ஊரைத் தாண்டியது. ரெண்டு பக்கமும் மழை குடித்த கரிசல் கருகருவென்று கிடந்தது, பருத்திச் செடி முழங்கால் உயரம் நின்றது. வேலுத்தாய் ஒருதரம் கண்ணைச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“உசுரோட இருக்கேம்லே. இந்த வருசத்து வேல முடிஞ்சிட்டு.”