பாட்டு பெஞ்சு

இடம் போதாத மரத் தேவாலயத்தை நட்டநடுவில் ரம்பம் போட்டு இரண்டாக அறுத்து, பின்பாதியை உருளைக் கட்டைகள்மேல் ஏற்றி, இரண்டு டிராக்டர்களால் மெல்ல இழுத்தார்கள். கோதுமை வயலுக்கு நடுவே ஆவென்று திறந்து நின்ற கட்டடத்தைச் சபையே வேடிக்கை பார்த்தது. டீட்ரிக் மட்டும் தன் மனைவி யுஸ்டினாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூடையிலிருந்து பன் எடுத்து இஸ்பிராண்டிடம் நீட்டினாள். தச்சுவேலையை முன்னின்று நடத்துபவன் அவன்; ஞாயிறு ஆராதனையில் பாட்டெடுத்துக் கொடுப்பவனும் அவனே. டீட்ரிக்குக்கு முன்னால் யுஸ்டினாவைப் பெண் கேட்டுப் போனவனும் சாட்சாத் அவனேதான்.

"ஏண்டி, அவன் பன்னுல மட்டும் வெண்ணெய் தூக்கலா இருக்கு?"

"உங்க பன்னைப் பிச்சுப் பாத்தீங்களா? அதுல ஜாமே இருக்கு."

இருந்தது. ஆனாலும் அவனுக்கு அது இறங்கவில்லை.

அந்தக் கட்டடம் வளர்வது இது முதல் தடவை இல்லை. முதலில் மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை. பிள்ளைகள் பெருகவே கிழக்கே ஒரு துண்டு. அப்புறம் கோட்டும் சால்வையும் மாட்ட ஒரு முன்னறை. இப்போது அறுத்து விலக்கிய இடைவெளியில் புதிதாக ஒரு நடுப்பகுதி. இத்தனை மாறியும், பாட்டெடுப்பவர் உட்காரும் பாட்டு பெஞ்சு மட்டும் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், ஒரு படி உயரத்தில், பெண்கள் பகுதியைப் பார்த்தபடி அப்படியே இருந்தது. அங்கே வாத்தியம் கிடையாது. ஒவ்வோர் அடியையும் இஸ்பிராண்ட் தொடங்கினால்தான் சபை பாடும். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் டீட்ரிக்குக்கு வயிறு பற்றி எரியும். அந்தப் பாவியின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று காவல் காப்பதிலேயே ஆராதனை முடிந்துவிடும்.

கட்டட வேலை முடியும் தறுவாயில், சபை ஆண்கள் முடிவெடுக்கும் சகோதரர் கூட்டம் கூடியது. டீட்ரிக் எழுந்தான்.

"ஒருத்தர மட்டும் ஒசத்தி உக்கார வச்சா பெருமைதான் வளரும். இதான் சமயம், அந்த பெஞ்ச எறக்கிச் செவுத்தப் பாக்கத் திருப்பிப் போட்ருவோம்." தோதாக ஒரு வேத வசனத்தையும் எடுத்துவிட்டான்.

இஸ்பிராண்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்தான். "டீட்ரிக் சொல்றது நியாயந்தான். எனக்குள்ள பெருமை இருக்கு. நான் எறங்கிக்கறேன். பெஞ்சு அங்கயே இருக்கட்டும். பெருமைக்கு இவ்வளவு பயப்படற ஆளுதான் அதுல உக்காரணும்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மூப்பர் ஃப்ராண்ஸ் சுற்றிலும் பார்த்தார். "வேற பேரு ஏதாவது இருக்கா?" இல்லை. டீட்ரிக்குக்காகக் கைகள் உயர்ந்தன. சபை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

வீட்டில் யுஸ்டினா தலையில் அடித்துக்கொண்டாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? மாட்டுக்கொட்டகையில நீங்க பாடுனா மாடே திரும்பிப் பாக்குது!"

புது மரவாசனை அடித்த முதல் ஞாயிறு. டீட்ரிக் படியேறிப் பாட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். இஸ்பிராண்ட் பின்னால், புது நடுப்பகுதியில் எங்கோ கூட்டத்தில் இருந்தான். ஒழிந்தான். இனி அவள் கண்ணுக்கு முன்னால் நான்தான் என்று நினைத்தபோது டீட்ரிக்குக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாட்டு எண்ணைச் சொல்லி, முதல் அடியை எப்படியோ இழுத்துவிட்டான். சபையும் பின்னாலேயே வந்தது. தைரியம் வந்து யுஸ்டினாவைப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. இஸ்பிராண்ட் இருந்த பக்கமும் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் அவள் கண் ஆண்கள் பக்கம் போய், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் நின்றது. அவன் இடம். அடுத்தவர் இடத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதால் அது காலியாகக் கிடந்தது. இத்தனை வருஷமும் அவள் அங்கேதான் பார்த்திருக்கிறாள். அவன்தான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் அடியைத் தொடங்க வேண்டும். அவன் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சபை முழுக்க வாயைத் திறந்து காத்திருந்தது. கடைசியில், பின்னாலிருந்து இஸ்பிராண்டின் குரல் மெல்ல அந்த அடியை எடுத்துக் கொடுத்தது. எல்லோரும் பாடினார்கள். யுஸ்டினாவும் பாடினாள், கண்ணை அந்தக் காலி இடத்திலிருந்து எடுக்காமலே.