ஆபரேட்டர் விரல்

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஒரு சட்டம் உண்டு. அரிவாளால் களை வெட்டுகிறவர்கள் பின்னால், ஒருவர் மடியில் இன்னொருவர். மெஷினால் வெட்டுகிறவர் டிரைவர் பக்கத்தில், தனியாக.

மலைச்சாமிக்குப் புல்வெட்டும் மெஷின் கொடுத்த அன்று சூப்பர்வைசர் முத்துக்கிருஷ்ணன் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். "இனிமே நீ கூலியாள் இல்லய்யா, ஆபரேட்டர்!" மாலையை யாருக்குப் போடுவது என்று சற்றுத் திணறி, மெஷினுக்கே போட்டார்.

மலைச்சாமி முன்னால் ஏறினார். அவர் சம்சாரம் பொற்கொடி பின்னாலேயே இருந்தாள். மூன்று வருஷமாக டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே மலையேறுகிறார். "வீட்ல பாக்காத மூஞ்சியாண்ணே?" என்பான் டிரைவர் சுருளி. கல்யாணமாகாதவன், அவனுக்கென்ன தெரியும்?

போன மார்கழியில் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்தன.

"ஆபரேட்டர் விரல் வெள்ளக்காரனாயிருச்சு!" என்றாள் முனியாயி பின்னாலிருந்து. "மெல்ல மூஞ்சிக்கும் ஏறும் பொற்கொடி, பொறுத்துக்க."

முத்துக்கிருஷ்ணன் வைத்தியமும் பார்த்தார். "குளிருய்யா. மெஷினை இறுக்கிப் புடி, சூடேறும்." இறுக்கினார். இன்னும் வெளுத்தது.

ஒருநாள் வீட்டில் பொற்கொடி கையைப் பிடித்தார். கையா, கம்பா என்று தெரியவில்லை. அரிவாள் பிடித்துக் காய்த்த அந்த உள்ளங்கை மனசுக்குள் அப்படியே இருந்தது. விரலுக்குத்தான் வந்து சேரவில்லை. மறுநாளே போடி டாக்டரிடம் போனார்.

"மெஷின் அதிர அதிர விரல்ல இருக்க பொடி ரத்தக்குழாய் கெட்டுப்போகுது. குளிர் பட்டா சுருங்கி மூடிக்கும், ரத்தம் போகாது. நரம்பும் மரத்துப்போகும். இறுக்கிப் புடிச்சா இன்னும் மோசம். மெஷினை விட்ருங்க."

"விட்டா பழையபடி தெரியுமா சார்?"

"கொஞ்சம் திரும்பலாம். விடாட்டி இருக்கிறதும் போயிரும்."

அடுத்த நாள் காலை அரிவாளோடு வந்து பின்பக்கம் ஏறினார். முத்துக்கிருஷ்ணன் பதறிப்போனார்.

"ஆபரேட்டர் பின்னால உக்காந்தா எஸ்டேட் மானம் என்னய்யா ஆகும்?"

"மானத்த முன்னால ஏத்திவிடுங்கண்ணே. எடம் காலியாத்தான் கெடக்கு."

முனியாயி சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம்விட்டாள். போடிமெட்டு வளைவுகளில் பனி உள்ளே வந்தது. விரல்கள் வழக்கம்போல வெளுத்தன. மடியில் போர்த்தியிருந்த சாக்குக்கு அடியில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் பொற்கொடியின் தோள் லேசாகத் தாழ்ந்தது.

"புடிச்சிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்பவே புடிச்சாச்சு."

"சரி. விடும்போது சொல்லு."