மேல்தாடையில் ஒரு வேர்

ஆட்டுத்தலை வந்து தன் முன்னால் உட்கார்ந்ததும் சாகிந்திக்குக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வெந்த தலை, மூக்கு நேராக அவரைப் பார்த்தபடி. அவர் ஆசிரியராக இருக்கும் கல்லூரியில் பல் அறுவைத் துறையின் தலைவரான ரஹிம்பெக் வீட்டு விருந்து. பந்தியில் மூத்தவருக்குத்தான் மரியாதையாகத் தலை வைப்பார்கள். வயதில் மூத்தவர்கள் நாலு பேர் இருக்க, தலை இவருக்கு. காரணம், ரஹிம்பெக்கின் மாமியார் குல்பாஷ் அம்மா.

"என் பல்ல எடுத்த கைக்குத்தான் தலை. இதுல யாரும் பேசக்கூடாது" என்றாள் அம்மா. "ஒரு வலி இல்லப்பா. பூ மாதிரி கை. பொம்பளை கை மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். சாகிந்திக்கும் சிரித்தார். சிரிக்கிற விஷயத்தில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

பத்து நாளுக்கு முன் அம்மாவின் மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போய், பாதியில் உடைத்து, வேரை உள்ளே விட்டவர் அவர்தான். இருபத்திரண்டு வருஷ அனுபவம், துறைத்தலைவரின் மாமியார், மரத்துப்போன வாய், கண்ணை மூடிய பச்சைத் துணி. இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினால் வேர் கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைக்குள் போய்விடும். பக்கத்தில் ரத்தம் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த பயிற்சி மாணவி அக்மரால், அம்மாவுக்குக் கேட்காதபடி, "நான் பாக்கட்டுமா அகாய்?" என்றாள். எல்லா ஆசிரியரையும் கூப்பிடுவதுபோல்தான் 'அகாய்' என்றாள், ஆனால் அன்றைக்கு அதில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் இழுக்கவில்லை, முறுக்கவில்லை. மெல்லிய நெம்பியை வெளிப்பக்கமாக வைத்து, கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளைப் பழக்குவதுபோல அசைத்து அசைத்து, நாலே நிமிஷத்தில் வேரை வெளியே கொண்டுவந்துவிட்டாள். அதன்பின் சாகிந்திக் பதிவேட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம் என்று அன்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நேற்று நடந்ததற்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அறுவைப் பிரிவில் மேற்பயிற்சிக்கு வருஷத்துக்கு ஓர் இடம். மதிப்பெண்ணில் முதலில் அக்மரால், ஐந்தாவதாக யெல்தோஸ் என்ற பையன். கல்லூரியில் நூறில் எழுபது பேர் பெண்கள். அறுவைத் துறையில் மட்டும் ஒரே ஒரு பெண், அலமாரியில் இருக்கும் மண்டையோடு. அதுவும் பெண்ணுடையது என்று பழைய பட்டியலில் எழுதியிருப்பதால்தான் தெரியும்.

"உங்ககிட்டதானே ஆறு மாசமா இருக்கா" என்று கூட்டத்தில் கேட்டார் ரஹிம்பெக். "கையில தெம்பு இருக்கா? நாளைக்கே கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவா, எடம் வீணாயிடும். அதான் யோசிக்கிறேன்."

இருக்கிறது என்று சொன்னால் எதை வைத்து என்று கேட்பார். உங்கள் மாமியாரை வைத்து என்று சொல்ல வேண்டும். சாகிந்திக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொழந்தைங்க பிரிவுக்கு நல்லா ஒத்துவருவா. பொறுமைசாலி."

நல்ல வார்த்தைதான் சொன்னோம் என்று வீடுபோகும்வரை நினைத்துப் பார்த்தார். வீடு ரொம்பக் கிட்டே இருந்தது. யெல்தோஸின் பெயரோடு பட்டியலில் திங்கட்கிழமை கையெழுத்தாகும்.

விருந்தில் தேநீர் ஊற்ற மாணவிகள் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மாணவர்களில் யெல்தோஸ் ஒருவன்தான், விருந்தாளியாக. அக்மராலுக்கு விஷயம் எட்டியிருந்தது என்பது கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் கிண்ணத்தை நீட்டி, "சூடா இருக்கு அகாய், பாத்து" என்றாள். திட்டியிருந்தால் தேநீராவது உள்ளே இறங்கியிருக்கும்.

தலை வாங்கியவர்தான் அறுத்துப் பங்கு வைக்க வேண்டும் என்பது முறை. கத்தியை எடுத்தார். ஆட்டின் வலது கன்னத்தில் ஒரு துண்டு அறுத்து ரஹிம்பெக்குக்குக் கொடுத்தார். காது, பந்தியில் இளையவனான யெல்தோஸுக்கு.

"பெரியவங்க சொல்றதக் கேட்டு நடக்கணும்டா" என்றார் ரஹிம்பெக்.

"கேக்கறதுக்கு என்ன அகாய், எனக்கு நேத்திலேர்ந்து எல்லாம் நல்லதாத்தான் கேக்குது" என்றான் அவன். மறுபடி சிரிப்பு.

"மேல்வாய் அண்ணத்த அந்தப் பொண்ணுக்குக் குடுப்பா" என்று குல்பாஷ் அம்மா அக்மராலைக் காட்டினாள். "பொண்ணுங்க தின்னா கைவேலை சுத்தமா வரும்."

தலையைப் புரட்டினார். மேல்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் அப்படியே நின்றது. பல்லோடு தலையை வைப்பது விருந்தாளிக்கு அவமரியாதை. வேகவைக்கும் முன்பே தட்டி எடுத்துவிடுவார்கள். ரஹிம்பெக்கின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பல் டாக்டர் வீட்லயே பல்லு மிச்சமா!" என்று ரஹிம்பெக் தொடையைத் தட்டினார். "எடுங்க சாகிந்திக். அம்மாவுக்கு எடுத்த கை, ஆட்டுக்கு எடுக்காதா?"

கத்தி முனையை நுழைத்தார். கொழுப்பில் வழுக்கியது. அழுத்தினார். 'டக்'கென்று ஒரு துணுக்கு உடைந்து தட்டில் விழுந்தது. பத்து நாளாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்.

முதுகுக்குப் பின்னாலிருந்து, தேநீர்க் குடுவையின் ஆவியோடு சேர்ந்து, மெதுவாக ஒரு குரல் வந்தது. "வெளிப்பக்கமா அகாய். மேல தள்ளாதீங்க."

வேறு யாருக்கும் கேட்கவில்லை. கேட்காத மாதிரி இருந்துவிடவும் முடியும். சாகிந்திக் வாயைத் திறந்தார். "ரஹிம்பெக், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தது, மேலே வரவில்லை. நாற்பத்தெட்டு வயதில், வாய்க்குள்ளேயே பிழைப்பு நடத்துகிற மனிதருக்கு. அதனால் கையால் முடிந்ததைச் செய்தார். தட்டை, தலையோடும் கத்தியோடும், அப்படியே திருப்பி அக்மரால் பக்கம் தள்ளினார். ஆட்டின் மூக்கு இப்போது அவளைப் பார்த்தது.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் ரஹிம்பெக். அவர் கையிலிருந்த கிண்ணம் பாதி வழியில் நின்றது.

அக்மரால் சாகிந்திக்கை ஒருமுறை பார்த்தாள். நன்றி இல்லை, கோபமும் இல்லை. கணக்காக ஒரு பார்வை. குடுவையைக் கீழே வைத்தாள். சட்டைக் கையை மடக்கினாள். மண்டியிட்டு, இடது கையால் தாடையைத் தாங்கி, கட்டைவிரலால் எலும்பின் ஓரத்தைத் தடவித் தடவி இடம் பார்த்தாள். கத்தி முனை வெளிப்பக்கமாக இறங்கி, மெல்ல அசையத் தொடங்கியது.

குல்பாஷ் அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாக எழுந்து, தன் கன்னத்தில், பல் இல்லாத அந்த இடத்தில் போய் நின்றது.