படத்தில் இறங்கிய மஞ்சு

ஏலப்பாறைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு நீடிக்குமா என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். வருகை தரும் இன்ஸ்பெக்டரிடம், ஒரு பிள்ளையாவது பாடத்தில் இல்லாத ஐந்து வரிகளைச் சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டும். தவறினால் வகுப்பை மூடி, எட்டுப் பேரையும் கொழுந்து கிள்ள அனுப்பிவிடுவார்கள்.

"ஏதாவது எழுதுங்கள்" என்றால் எட்டுச் சிலேட்டும் வெறுமையாகவே இருக்கும். ஆகவே ஆசிரியை சந்தனமேரி, அன்று காலை ஒரு வண்ணப்படத்தைச் சுவரில் மாட்டினார். வெளிர்நீலப் பரப்பு, நடுவே இரண்டு தீவுகள், கரையில் ஒரு படகு, கைகட்டி நிற்கும் சிலர்.

"என்ன தெரியுதோ, அத எழுதுங்க."

சற்று நேரத்தில் முத்துப்பேச்சி எழுந்தாள். "டீச்சரம்மா, சிலேட்டு பத்தல. பின்பக்கமும் எழுதட்டா?"

"ஒனக்கா பத்தல?" என்று சோலை சிரித்தான்.

"ஒன் சிலேட்டப் பாருலே மொதல்ல."

சந்தனமேரி ஆவலுடன் வாங்கிப் படித்தார்.

'பள்ளத்தாக்கு நிறைய மஞ்சு இறங்கிவிட்டது. இரண்டு மலை உச்சி மட்டும் தெரிகிறது. கொழுந்து தெரியாததால் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். மாட்டுத் தொட்டியை யாரோ வெளியே விட்டுவிட்டார்கள். கங்காணி வருவதற்குள் மஞ்சு கலைந்துவிடும்.'

மஞ்சு என்ற மூடுபனியைக் கடலென்று திருத்தச் சுண்ணக்கட்டியை எடுத்தார். ஒரு சொல்லைத் திருத்தினால் ஐந்து வரிகளும் சரிந்துவிடுமே! தயங்கி நிற்கையில் வாசலில் மட்டக்குதிரை கனைத்தது.

குதிரையிலிருந்து இறங்கி வந்த மலையாளி இன்ஸ்பெக்டர் சிலேட்டைப் படித்தார், படத்தைப் பார்த்தார்.

"இது கடலல்லே, குட்டி?"

"கடலுன்னா மத்தியானம் கலையுமாய்யா?"

"கலையாது."

"அப்ப இவுக ஏன் வேல செய்யாம நிக்காக?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, படத்தருகே சென்று, நின்றிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐந்து வரியும் இவளுடையதுதான். வகுப்பு நடக்கட்டும்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு விடைபெற்றார்.

குளம்பொலி மறையும்வரை பொறுத்திருந்த முத்துப்பேச்சி, ஆசிரியையின் முந்தானையைத் தொட்டாள்.

"நெசமாவே அது கடலா, டீச்சரம்மா?"

"அப்படித்தான் சொல்லுதாக. நானும் பாத்ததில்ல."

இருவரும் அந்த நீலத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் உண்டுல்லா? படம் அங்கனயே இருக்கட்டும். அந்தத் தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இன்னும் எழுதல."