மெடிக்கல் லீவில் ஒரு ஆட்டம்

என் வீட்டுக்காரர் நாகேஸ்வரன் நான்கு மாதமாக ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதுவதுதான் அவருக்கு உத்தியோகம். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நகல் எழுதும் குமாஸ்தா. போன வருஷம் முழுக்க இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் கரமனை வீட்டுக்குக் காகிதக் கட்டு வரும். மார்கழியில் ஒரு நாள் பேனாவை எடுத்தார், கை கிடுகிடுவென்று ஆடியது. அப்புறம் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. லீவு விண்ணப்பத்தை அவர் எழுதி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கோணல்மாணலான அந்த எழுத்தைப் பார்த்து நான் சமையலறையில் போய் அழுதேன்.

பங்குனி முடிய லீவு. அதற்குள் கை சரியாகாவிட்டால் வேலை இல்லை.

நரம்புத் தளர்ச்சி, முழு ரெஸ்ட் வேண்டும் என்றார் டாக்டர். விட்டால் போதுமென்று இவர் படுத்துவிட்டார். இரண்டு மாதம் படுத்ததில் வாசல் வரை வருவதற்கே பயம் வந்துவிட்டது. எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். தெருவில் ஆபீஸ் போகிறவர்களெல்லாம் சாயங்காலம் அங்கே வலை கட்டி, பக்கத்துக்கு ஐந்து பேராகப் பந்து பாட்மிண்டன் ஆடுவார்கள். ஒரு நாள் அவர்களுடைய மஞ்சள் கம்பளிப் பந்து எங்கள் கிணற்றடியில் வந்து விழுந்தது.

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கோ" என்றேன்.

"என்னால முடியாதுடி, சூடாமணி."

"கம்பளி உருண்டைன்னா அது! அம்மிக்கல்லையா தூக்கச் சொல்றேன்?"

முறைத்துக்கொண்டே போனார். கால் மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் யாரோ கையில் மட்டையைத் திணித்தார்கள். நடுக்கத்தில் அது இரண்டு தடவை நழுவி விழுந்ததாம். பத்து நிமிஷம் ஆடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தவர், ரசஞ்சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுத்தவர் விடிகிற வரை அசையவில்லை.

காலையில் டாக்டரிடம் ஓடினேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "தூக்கம் வந்துதா? அப்போ ஆடட்டும். கொஞ்சங்கொஞ்சமா நேரத்தைக் கூட்டட்டும். ஓஞ்சு போற அளவுக்கு மட்டும் வேண்டாம்."

பங்குனியில் அவரால் ஒரு மணி நேரம் ஆட முடிந்தது. முகத்தில் பழைய களை வந்துவிட்டது. ஆனால் மேஜை மேல் நான் வாங்கி வைத்த புது நிப்பை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லீவு முடிய எட்டே நாள்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கோட்டைப் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஒரு கோஷ்டி பந்தயத்துக்கு வந்தது. நானும் பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மியும் துவைக்கிற கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் நிற்பது கோமதிநாயகம் பிள்ளை, இவருடைய ஆபீஸ் சூப்பிரண்டு!

"ஏன்னா, உள்ள வந்துடுங்கோ!"

இவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று! "ஆட்டம் முடியட்டும்டி."

என்ன ஆட்டம் அது! பிள்ளை ஓங்கி அடிப்பார், இவர் குனிந்து எடுப்பார். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. இன்னும் ஒரே புள்ளி. பந்து வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பறந்தது. பிள்ளை பின்னால் நகர்ந்ததைப் பார்த்த இவர், வலையை ஒட்டினாற்போல் மெல்லத் தட்டி விட்டார். பந்து தரையில் விழுந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்று கத்திவிட்டேன். அனந்தலக்ஷ்மி என் வாயைப் பொத்தினாள்.

பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொண்டு இவரிடம் வந்தார். "என்ன ஐயரே, மெடிக்கல் லீவுல இருந்துக்கிட்டுப் பந்து அடிக்கீரு? மேல யாராவது கேட்டா நான் என்ன சொல்ல? எக்ஸ்பிளனேஷன் எழுதிக் குடும். இப்பமே."

யார் என்ன நினைத்தால் என்ன? பேனா, மைக்கூடு, காகிதம், பலகை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து ஓடினேன். இவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் வைத்த பலகை மேல் காகிதத்தை விரித்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது.

எழுதினார். ஐந்து வரி. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது; வரி நேராகப் போகிறதா என்று பார்க்கத் தெரியும். நேராகப் போயிற்று. கீழே பழையபடி ஒரு சுழி சுழித்துக் கையெழுத்து.

பிள்ளை கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"இதைத் தர மாட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நாலு மாசத்துக்கப்புறம் இப்பத்தான் எழுதியிருக்கார். இது எனக்கு வேணும்."

பிள்ளை என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மார்கழியில இவரு அனுப்பின விண்ணப்பத்தை மூணு பேரு உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சோம்மா" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "சரி வே, அது வீட்டுல இருக்கட்டும். ஆபீசுக்கு ஒரு நகல் எழுதும்."

இவர் அடுத்த காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.