குருவிமலைத் தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பீலிக்கரையில் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. மழையைக் கண்டு மாதம் ஒன்றுக்கு மேலாகிறது. மலையுச்சி ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் பீலியில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் கால் கடுத்துப் போகும். பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவான் என்பதால், பாதிக் குடத்தோடு ஓடுகிறவர்களும் உண்டு.

"மெம்பரம்மாவுக்கு வழிய விடுங்கடி. பசறையில சபைக் கூட்டமாம், சேலையெல்லாம் பளபளங்குது," என்றாள் கருப்பம்மா.

"சும்மா இரு மதினி. என் மொறை வர்றப்ப நான் புடிச்சுக்கிறேன்," என்றாள் பவளக்கொடி. கேலிதான் என்றாலும் அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு பொம்பளைப் பெயரும் வேண்டுமென்று தொழிற்சங்கம் சொன்னபோது, தோட்டத் தலைவர் முருகையா நேரே அவள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். "பேர மட்டும் குடு புள்ள, மத்தத நாங்க பாத்துக்கிறோம்," என்றார். பேருக்கு நின்றவள் ஜெயித்துத் தொலைத்துவிட்டாள். குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், புருஷன்மார் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சீட்டில் அவளுக்கே புள்ளடி போட்டிருந்தார்கள். அவள் அவர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு தண்ணிக் குழாய்.

அன்று சபையில் பேச்சு முழுக்கச் சிங்களம். கடையில் வெங்காயம் வாங்குகிற சிங்களம் அவளுக்கு வரும். இது வேறு தினுசு. ஒருவர் எழுந்து எதையோ வாசித்தார், இன்னொருவர் மேசையைத் தட்டினார், ஏனென்றே தெரியாமல் எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் 'குருவிமலை' என்று காதில் விழுந்தது. கூடவே 'வத்துர' என்றும். தண்ணீர்! பவளக்கொடி சட்டென்று திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த முருகையாவும் அந்தச் சபைக்கு மெம்பர்தான்.

"என்னங்க தலைவரே சொல்றாங்க?"

"தண்ணிக்கு பைப்பு போடப் போறாங்களாம் புள்ள. கையத் தூக்கு."

சங்கக் கூட்டத்தில் தலைவர் கையைத் தூக்கினால் எல்லாரும் தூக்குவார்கள். எதற்கென்று கேட்பதெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில்தான். பவளக்கொடி அன்று முருகையாவுக்கும் முந்திக்கொண்டாள். கொழுந்துக் கறை ஏறிய அவள் விரல்கள் சபையில் முதலாவதாக மேலே போயின.

செய்தி கேட்டு லயமே ஆடிப்பாடியது. குழாய் புதைக்கக் கான் வெட்டக் கூலியில்லாச் சிரமதானம் என்று சபையிலிருந்து சொன்னதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணும் பெண்ணும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஊற்றிலிருந்து லயம் வரை அவர்களே வெட்டினார்கள். வாசலுக்கு எதிரே பாறை; அங்கே மட்டும் குழாயைப் புதைக்க முடியாமல் பாறைமேலேயே படுக்க வைத்தார்கள். ஆனால் குழாய் அங்கே நிற்கவில்லை. தேயிலைக்குள் இறங்கி, தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி, கீழேயிருக்கும் கிராமத்தைப் பார்த்துப் போய்விட்டது.

"தலைவரே, நம்ம குழா எங்கங்க?"

முருகையா தலையைச் சொறிந்தார். "போற வழியில நமக்கும் ஒன்னு வைப்பாங்கன்னுதான் புள்ள நானும் நெனச்சேன்."

மறுநாள் பவளக்கொடி வேலையை விட்டுவிட்டுச் சபைக் கந்தோருக்குப் போனாள். அங்கே தமிழில் பதில் சொல்ல அஸீஸ் கிளாக் ஒருவர்தான்.

"அது கீழ் கிராமத்துக்கு வந்த திட்டம் அக்கா. ஊத்து மட்டுந்தான் ஒங்கட மலையில."

"எங்க வாசல் வழியாத்தானே போகுது? நாங்க வெட்டுன கான்தானேங்க? ஒரு குழா வச்சா என்னா கொறஞ்சு போயிரும்?"

"ஏலாது அக்கா. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். சபைச் சல்லிய தோட்டத்துக்குள்ள செலவழிக்கச் சட்டம் விடாது. அத நீங்க தோட்டத்துத் தொரைக்கிட்டதான் கேக்கோணும்."

தொரையிடம் கேட்டுக் கேட்டு அலுத்துத்தானே அவள் தேர்தலுக்குப் பேரே கொடுத்தாள்!

"அப்ப ஓட்டு? அது லயத்துலருந்துதானே வந்துச்சு?"

"ஓட்டு வேற அக்கா," என்றார் அஸீஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கதானே மொதல்ல கையத் தூக்கின," என்றார்.

லயம் சபைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் தான் எப்படி மெம்பர் ஆனோம்? பசறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது எத்தனை முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. லயத்துப் பெண்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

கிராமத்துக் குழாயைத் திறந்துவைக்கப் பொம்பளை மெம்பரையே கூப்பிட்டார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். அவள் திருகியதும் தண்ணீர் பீறிட்டு வந்து சேலையை நனைத்தது. கிராமத்துப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர்களும் எத்தனை காலம் குடம் சுமந்தவர்களோ, அந்த முகங்களைப் பார்த்து அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

மலையேறி வந்தபோது பீலிக்கரையில் குடங்கள் இன்னும் நீளமாக நின்றன. ஊற்றுத் தண்ணீர் குழாய்க்குள் போன பிறகு பீலியில் சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. கருப்பம்மா பாறைமேல் குந்தி, குழாயில் காதை வைத்திருந்தாள். பவளக்கொடியைக் கண்டதும் திட்டுவாள் என்று பார்த்தால், கையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து கேளு மதினி. உள்ளுக்குள்ள என்னா ஓட்டம் ஓடுது!"

பவளக்கொடி வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். மாலையைக் கழற்ற மறந்துவிட்டிருந்தாள். அப்படியே போய்க் கருப்பம்மாவின் பக்கத்தில் குனிந்து குழாயில் காதை வைத்தாள். குழாய் சில்லென்று இருந்தது.